பழைய துணி இலவசம். அதைப் பிரிக்கும் நேரம் இலவசமல்ல

விற்பதற்கென்று நான் தைத்த முதல் பொருள் ஒரு குஷன் உறை. யாரோ உடுத்தி ஒதுக்கிய இரண்டு ஜீன்ஸ்களை எடுத்து, ஒவ்வொரு தையலையும் நூல் நூலாகப் பிரித்து, பைகளைக் கழற்றி, இடுப்புப் பட்டையை எடுத்து, துண்டுகளைத் துவைத்து இஸ்திரி போட்டு அடுக்கி வைத்தபோது அரை நாள் போயிருந்தது. அதற்குப் பிறகு வெட்டித் தைக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. விலை போட உட்கார்ந்தபோது அந்த ஒரு மணி நேரத்தை மட்டுமே கணக்கில் எடுத்தேன். துணி காசில்லாமல் வந்தது என்ற நினைப்பில், அதைத் துணியாக்கிய அரை நாள் எனக்கு வேலையாகவே தெரியவில்லை. அடுத்த எட்டு மாதங்கள் ஓயாமல் தைத்தேன், தைத்ததெல்லாம் விற்றது, ஆனாலும் கையில் எதுவும் மிஞ்சவில்லை. ஒதுக்கப்பட்ட துணியில் வீட்டுப் பொருள்கள் தைத்து விற்கும் இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது பெரும்பாலும் அந்த எட்டு மாதங்களிலிருந்து கற்றதுதான்.

ஒன்பதாவது மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்து, தரம் பிரிப்பது, துவைப்பது, தையல் பிரிப்பது, இஸ்திரி, வெட்டுவது, தைப்பது, படம் எடுப்பது, பொட்டலம் கட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஆகும் நிமிடங்களை மூன்று வாரம் விடாமல் எழுதினேன். தையல் இயந்திரத்தின் முன் உட்காரும் நேரம் மொத்தத்தில் பாதிகூட இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. புதுத் துணியில் வேலை செய்பவருக்கு நெசவாலையும் சாயப்பட்டறையும் செய்து கொடுத்துவிடுகிற வேலைகளை, ஒதுக்கப்பட்ட துணியில் நாமே நம் கையால் செய்கிறோம். ஒரே அகலம், ஒரே தடிமன், தெரிந்த இழை, அழுக்கில்லாத பரப்பு ஆகிய நான்கையும் ஒவ்வொரு முறையும் நாம்தான் உண்டாக்க வேண்டியிருக்கிறது. அதனால் வடிவமைப்பு என்பதை, எந்தப் பொருள் அழகாக இருக்கும் என்ற கேள்வியோடு நான் இப்போது தொடங்குவதில்லை. கைக்கு வந்த துணியை மிகக் குறைந்த நேரத்தில் நேரான துண்டாக மாற்ற முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

ஜீன்ஸையே எடுத்துக்கொள்வோம். அதன் காலில் ஒரு பக்கத் தையல், துணியின் இரு ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டை வரியாக அடித்தது. அதைப் பிரித்தால் கிடைப்பது சாயம் வெளுத்த, ஊசித் துளை விழுந்த இரண்டு விரல் அகலத் துணி. அதற்காக ஒரு காலுக்கு இருபது நிமிடம் செலவழிப்பதில் பொருளே இல்லை. இப்போது தையலை ஒட்டியே கத்தரியை ஓட்டி, தையலை ஒரு நீளமான கயிறாக அப்படியே வெட்டி எடுத்துவிடுகிறேன். முழு ஜீன்ஸும் பத்து நிமிடத்துக்குள் தட்டையான துண்டுகளாகிவிடும். வெட்டி எடுத்த தையல் கயிறுகள் தடித்தவை, இழுத்தால் நீளாதவை. கூடைகளின் கைப்பிடிக்கும் மிதியடியின் ஓரத்துக்கும் அவற்றைவிட உறுதியான பொருள் எனக்குக் கிடைத்ததில்லை.

அப்படி வெட்டினால் நேர்க்கால் ஜீன்ஸின் ஒரு பக்கத்திலிருந்து ஏறக்குறைய 17.5 சென்டிமீட்டர் அகலப் பட்டை எளிதாகக் கிடைக்கிறது. இருபுறமும் தையலுக்கு 1.25 சென்டிமீட்டர் விட்டால் தைத்து முடிந்த அகலம் 15. மூன்று பட்டைகள் சேர்ந்தால் 45. குஷன்கள் பரவலாக விற்கப்படும் அளவும் 45க்கு 45 சென்டிமீட்டர்தான். இந்தப் பொருத்தம் கண்ணில் பட்ட நாளிலிருந்து, என்னுடைய எல்லாப் பொருள்களும் 15 சென்டிமீட்டரின் மடங்குகளாகவே இருக்கின்றன. கோப்பைக்கு அடியில் வைக்கும் துண்டு 15, சூடான பாத்திரத்துக்கு அடியில் வைப்பது 30, மேசை விரிப்பு 30க்கு 45. ஒரு பொருளுக்குப் போதாத துண்டு இன்னொன்றுக்குப் போதும் என்பதால், எதை எங்கே பயன்படுத்துவது என்று துணிக் குவியலின் முன் நின்று யோசிக்கும் நேரமும் மிச்சமாகிறது. ஜீன்ஸில் அல்லாமல் சட்டைகளிலோ படுக்கை விரிப்புகளிலோ வேலை செய்பவர்களுக்கு அந்த அடிப்படை அளவு வேறாக அமையும். சட்டையின் முதுகுப் பகுதிதான் அதன் பெரிய துண்டு. விரிப்பில் ஓரங்கள் திடமாகவும் நடுப்பகுதி நைந்தும் இருக்கும். எதுவானாலும், ஐம்பது உருப்படிகளை வெட்டி, தவறாமல் கிடைக்கும் மிகப் பெரிய செவ்வகம் எது என்று அளந்து பார்த்துவிட்டு அதன் பிறகு பொருளை முடிவு செய்யுங்கள்.

துணி எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து வேலையின் தன்மையே மாறிவிடும். ஆடைத் தொழிற்கூடங்களில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகள் புதியவை, இழை தெரிந்தவை, துவைக்கத் தேவையில்லாதவை. ஆனால் அக்குள் வளைவும் கழுத்து வளைவுமாகக் கோணல் வடிவங்களில் வரும். பழுதானதென்று ஒதுக்கிய சுருள் துணி, கிடைத்தால் பெரிய வரம். ஆனால் அடுத்த முறையும் கிடைக்குமென்று நம்பித் திட்டமிட முடியாது. விடுதிகள் கழிக்கும் வெள்ளை விரிப்புகள் ஒரே நிறம், ஒரே தடிமன், பெரிய பரப்பு. வீடுகளிலிருந்து பை பையாக வருவதில்தான் பெரும்பாடு: ஒரே பையில் கம்பளி, நைலான், பூஞ்சை பிடித்த துண்டு, ஒரு குழந்தையின் காலுறை எல்லாம் இருக்கும். தொடக்கத்தில் கொடுப்பவர் மனம் நோகக் கூடாதென்று எல்லாவற்றையும் வாங்கி, கடைசியில் குப்பைக்குப் போக வேண்டியதை என் அறையில் சேர்த்து வைத்தேன். இப்போது இரண்டு வகைதான் வாங்குகிறேன்: ஜீன்ஸ் துணி, வெள்ளை விரிப்பு. புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரே மூலத்தை, அதுவும் திரும்பத் திரும்பக் கிடைக்கும் மூலத்தைப் பிடித்துக்கொள்வதே நல்லது.

தரம் பிரிப்பதில் நான் செய்த பிழை, நிறத்தை முதலில் பார்த்தது. நீலத்தோடு நீலம் சேர்த்து மெல்லிய சட்டைத் துணியையும் தடித்த ஜீன்ஸையும் ஒரே உறையில் தைத்தேன். சட்டைத் துணி சதுர மீட்டருக்கு 100 முதல் 140 கிராம் எடை கொண்டது. ஜீன்ஸ் 350, 400 கிராம்கூட இருக்கும். இரண்டும் சேரும் தையலில் மெல்லியது சுருங்கிக்கொண்டு நின்றது. சில மாதங்களில் தையலை ஒட்டியே கிழிந்தது. அதனால் முதலில் தடிமன், அடுத்து இழை, கடைசியில்தான் நிறம் என்ற வரிசையில் இப்போது பிரிக்கிறேன். நெய்த துணியையும் டி-ஷர்ட் போன்ற பின்னல் துணியையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒரே தட்டில் போடுவதில்லை.

இழையைக் கண்டுபிடிக்க எரித்துப் பார்க்கும் சோதனை போதும். உலோகத் தட்டில், பக்கத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு, இடுக்கியால் சில நூல்களைப் பிடித்துத் தீயில் காட்ட வேண்டும். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். கம்பளியும் பட்டும் முடி கருகும் வாசனை தரும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியபின் நசுக்க முடியாத கெட்டியான மணியாக நிற்கும். கலப்புத் துணியில் சாம்பலோடு மணியும் இருக்கும். இந்தச் சோதனையை நான் ஒருமுறை தவிர்த்ததன் விளைவு சாதாரணமானதல்ல. அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கையுறை ஒன்றை, வெளியே பருத்தி ஜீன்ஸும் உள்ளே பழைய ஃபிளீஸ் போர்வையின் அடுக்குமாகத் தைத்து விற்றிருந்தேன். ஃபிளீஸ் பெரும்பாலும் பாலியெஸ்டர். அது உருகுவது 250 முதல் 260 டிகிரி செல்சியஸில். காய்ந்த இரும்புச் சட்டியின் சூடு அதைத் தாண்டக்கூடியது. வாங்கியவர் கையை உடனே எடுத்துவிட்டதால் தோல் தப்பியது, ஆனால் உட்புறம் இளகி விரல்நுனியில் ஒட்டியிருந்தது என்று அவர் எழுதியிருந்தார். பருத்தி உருகாது, கருகத்தான் செய்யும். கருகும் வாசனை எச்சரிக்கை கொடுக்கும். விற்ற கையுறைகள் அத்தனையையும் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுத்தேன். இன்றுவரை சூட்டோடு தொடர்புள்ள எந்தப் பொருளிலும் முழுப் பருத்தியையோ கம்பளியையோ தவிர வேறெதையும் வைப்பதில்லை. தையல் நூல்கூடப் பருத்திதான்.

சாயம் இன்னொரு தொல்லை. ஜீன்ஸில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மட்டும்தான் அவுரி நீலம்; குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. அந்தப் பாவு நூலிலும் சாயம் மேற்பரப்பில்தான் தங்குகிறது, உள்ளே வெள்ளையாகவே இருக்கும். ஜீன்ஸ் அழகாக வெளுப்பதற்குக் காரணம் அதுவே. உரசும் இடமெல்லாம் நீலம் ஒட்டுவதற்கும் காரணம் அதுவே. வெளிர் நிறச் சோபாவில் என் குஷன் விட்டுச் சென்ற நீலத் திட்டின் படத்தை ஒரு வாடிக்கையாளர் அனுப்பியபோது, துவைத்த தண்ணீர் தெளிவாக இருந்தது என்பதை மட்டும் நம்பி விற்றது தவறு என்று புரிந்தது. தண்ணீரில் இறங்காத சாயமும் உரசினால் இறங்கும். இப்போது ஒவ்வொரு தொகுதியிலும் ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியை விரலில் சுற்றி, ஒரே இடத்தில் அழுத்தி இருபது முறை தேய்த்துப் பார்க்கிறேன். வெள்ளையில் தெளிவான நீலம் ஏறினால் அந்தத் துண்டு சோபாவின் பக்கமே போகாது. மிதியடியாகவோ கூடையாகவோ ஆகும். அடர்நீலத்தையும் வெள்ளையையும் ஒரே உறையில் சேர்ப்பதையும் நிறுத்திவிட்டேன். புதிதாகத் தைத்தபோது எவ்வளவு எடுப்பாக இருந்தாலும் முதல் துவைப்புக்குப் பின் அந்த வெள்ளை வெள்ளையாக இருப்பதில்லை.

பயன்படுத்திய துணியை அதன் தோற்றத்தை வைத்து எடை போடக் கூடாது. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், வெளியே திடமாகத் தெரியும் துணியில் முழங்கால் பகுதியும் அமரும் பகுதியும் சல்லடையாகத் தெரியும். இரு கைகளாலும் வெடுக்கென்று இழுத்தால் நைந்த துணி ஒரு மெல்லிய ஓசையுடன் பிரியும். காது பழகிவிட்டால் கிழியும் முன்பே அந்த ஓசை கேட்டுவிடும். நைந்ததை எறிய வேண்டியதில்லை. வங்காளத்தின் கந்தா, ஜப்பானின் போரோ என்ற தையல் மரபுகள் இந்தச் சிக்கலைப் பல தலைமுறைகளுக்கு முன்பே தீர்த்திருக்கின்றன: நைந்த துணிகளை அடுக்கி, நெருக்கமான ஓட்டுத் தையலால் இணைத்தால், இழுவிசை ஓர் இடத்தில் குவியாமல் பல நூல்களுக்குப் பரவிவிடுகிறது. நைந்த விரிப்புகளை மூன்று அடுக்காக வைத்து, 2 சென்டிமீட்டர் இடைவெளியில் நேர் வரிகளாக இயந்திரத்தில் அடித்து, மேசை விரிப்புகள் செய்கிறேன். அலங்காரத்துக்காக வளைவுகளில் தைத்துப் பார்த்ததும் உண்டு. நேர் வரிக்கு ஆகும் நேரத்தைப் போல் மூன்று மடங்கு ஆனது, விற்பனையில் எந்த வித்தியாசமும் இல்லை.

மிதியடிகள்தான் அதிகத் துணியை விழுங்குகின்றன, அதிக நேரத்தையும்தான். பின்னல் துணியைப் பட்டையாக வெட்டி இழுத்தால் ஓரங்கள் தாமாகவே உள்ளே சுருண்டு குழல் போலாகிவிடும், பிசிறு விடாது. நெய்த துணி பிசிறு விடும் என்பதால் 4 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டி ஓரங்களை உள்ளே மடித்துப் பின்ன வேண்டியிருக்கிறது. மிதியடி தைப்பவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. பழைய ஆடைகளில் குண்டூசி, உடைந்த ஊசி நுனி, விலைச்சீட்டைக் கோத்த கம்பி எல்லாம் இருக்கும். வெறுங்காலில் மிதிக்கிற பொருளில் அப்படி ஒன்று தங்கிவிடக் கூடாது. துணி உள்ளே வரும்போது ஒருமுறை, பொருள் முடிந்து வெளியே போகும்போது ஒருமுறை, ஒரு வலுவான காந்தத்தை இரு பக்கமும் மெதுவாக ஓட்டிப் பார்க்கிறேன். காந்தம் பிடிக்காத உலோகமும் உண்டு என்பதால் அதன்பின் உள்ளங்கையாலும் தடவிப் பார்க்கிறேன்.

சிறு துண்டுகளைக் குஷனுக்குள் திணித்துவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். நானும் செய்தேன். துணித் துண்டுகள் பஞ்சைப் போல் உப்பாது. படிந்து, கட்டியாகி, கல் போல் கனக்கும். சோபாவில் சாய்வதற்கு அது ஒத்துவராது. தரையில் போட்டு அமரும் கெட்டியான இருக்கைக்கு, துண்டுகளை விரல் நுனி அளவுக்கு நறுக்கி அடைத்தால், அந்தக் கனமே நன்மையாகிறது. பயன்படுத்திய துணியை அடைபொருளாக விற்பதற்குப் பல நாடுகளில் தனி விதிகள் இருப்பதால், உங்கள் நாட்டின் விதியைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். துண்டுகளை மீண்டும் நூலாக்குவது வேறு தொழில். இங்கிலாந்தின் பாட்லியில் பெஞ்சமின் லா 1813இல் கந்தைக் கம்பளியைக் கிழித்துப் புதுக் கம்பளியோடு கலந்து நூற்றதிலிருந்து அந்தத் தொழில் நடக்கிறது. இன்று இத்தாலியின் பிராட்டோவும் நம் பானிபட்டும் அதற்குப் பெயர் பெற்ற ஊர்கள். கிழிக்கும்போது இழை குட்டையாகிவிடுவதால்தான் புது இழையைக் கலக்க வேண்டியிருக்கிறது. ஆடைகளாகும் துணியில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானதே மறுபடி ஆடையாகிறது என்று எல்லன் மக்ஆர்தர் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஒரு துணியை இழையாகக் கிழிக்காமல் துணியாகவே இன்னும் பல ஆண்டுகள் வைத்திருக்க முடிந்தால் அது எவ்வளவு மதிப்புள்ள வேலை என்பதை, மனம் தளரும் நாள்களில் அந்த எண்தான் எனக்கு நினைவூட்டுகிறது.

விற்பனைக்கு வருவோம். ஒரு தங்கும் விடுதி அறுபது குஷன் உறைகள் கேட்டது. நான் அனுப்பிய மாதிரி ஒன்று. அவர்கள் மனத்தில் பதிந்ததும் அந்த ஒன்றே. அறுபதையும் பார்த்தவர்கள், நிறம் ஒன்றுபோல் இல்லையென்று பாதியைத் திருப்பி அனுப்பினார்கள். பழைய ஜீன்ஸில் ஒரே நீலம் அறுபது உறைக்குக் கிடைக்காது என்பது எனக்குத் தெரிந்த உண்மை. அதை அவர்களுக்குச் சொல்லாதது என் குறை. அதன்பின் மாதிரியாக ஓர் உறையை அனுப்புவதில்லை. வெளுத்த நீலம், நடு நீலம், அடர்நீலம் என்று மூன்று குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிக வெளிறிய துண்டையும் மிக அடர்ந்த துண்டையும் ஓர் அட்டையில் ஒட்டி, இந்த இரண்டுக்கும் இடையில் எந்த நிறமும் வரலாம் என்று எழுதிக் கையொப்பம் வாங்குகிறேன். அளவும் தையலும் ஜிப்பும் இம்மி பிசகாமல் ஒன்றாகவே இருக்கும், துணி மட்டும் மாறும் என்று சொன்னால் மொத்தமாக வாங்குபவர்கள் தயங்குவதில்லை. இணையத்தில் தனித்தனியாக விற்கும்போதும் ஒவ்வோர் உறைக்கும் தனிப் படம் எடுத்துப் பதிவேற்றி நேரத்தை வீணாக்காமல், குடும்பத்துக்கு ஒரு படம் போட்டு, ஐந்தாறு உறைகளை அடுக்கி வைத்துக் காட்டுகிறேன்.

விலைக்கு நான் கைக்கொள்ளும் கணக்கு எளியது. தரம் பிரிப்பதிலிருந்து பொட்டலம் வரை ஆகும் நிமிடங்களை, வேறொருவரை வேலைக்கு வைத்தால் கொடுக்க வேண்டிய நியாயமான கூலியால் பெருக்கி, ஜிப், நூல், துவைக்கும் செலவு, மின்சாரம், இடவாடகை ஆகியவற்றின் பங்கைச் சேர்த்து, அதன்மேல் லாபம் வைப்பது. கடைக்காரர் தம் பங்கை எடுத்த பிறகும் அந்த விலை நிற்க வேண்டும். கடைகள் சில்லறை விலையில் ஏறக்குறைய பாதிக்குக் கேட்பது வழக்கம். நேரடியாக விற்கும்போது மட்டும் கட்டுப்படியாகும் விலை, கடைக்குப் போகும் நாளில் நம்மைக் கவிழ்த்துவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததும் எனக்கு மிகப் பிடித்த ஒட்டுத்துணிப் போர்வையை நிறுத்த வேண்டி வந்தது. நாற்பது மணி நேர வேலைக்கு உரிய விலையைச் சொன்னால் வாங்குபவர் மிகக் குறைவு. முன்பணத்தோடு கேட்பவருக்கு மட்டும் இப்போது ஆண்டுக்கு ஒன்றிரண்டு செய்கிறேன்.

பொருளைப் பற்றி எழுதும் சொற்களிலும் கவனம் வேண்டும். ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதை நான் விட்டுவிட்டேன். ஆதாரமில்லாத அத்தகைய பொதுச் சொற்களைத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு ஆணை 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருவதாக வகுக்கப்பட்டிருக்கிறது. அங்கே விற்க எண்ணுபவர்கள் அதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். சான்றிதழ்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பது தீங்கான வேதிப்பொருள்களுக்கான சோதனை. துணி பழையதா புதியதா என்பதை அது சொல்வதில்லை. குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்ட் மறுசுழற்சி இழையின் அளவைப் பார்ப்பது. பொருளின்மேல் அந்த முத்திரையைப் போட குறைந்தது 50 விழுக்காடு தேவை. சிறு பட்டறைக்கு இரண்டும் செலவு மிக்கவை. ‘இதன் மேல்துணி, உடுத்தி ஒதுக்கிய பருத்தி ஜீன்ஸ், ஜிப்பும் நூலும் புதியவை’ என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது.

அதைவிட, வாங்குபவர்கள் முதலில் கேட்பது வேறு. துவைக்கலாமா, வாடை வருமா, யாரோ உடுத்தியதாமே, சுத்தமா என்பவைதான் அவர்கள் கேள்விகள். நான் நெடுநாள் கழிவைப் பற்றியும் பூமியைப் பற்றியும் நீளமாக எழுதி, இவற்றை அடியில் ஒரு வரியாகப் போட்டிருந்தேன். வரிசையை மாற்றி, 60 டிகிரி வெந்நீரில் இருமுறை துவைத்து வெயிலில் உலர்த்தியது, வீட்டு இயந்திரத்திலேயே துவைக்கலாம், இனிச் சுருங்காது என்று முதலில் எழுதிய பிறகு, கேள்விகள் குறைந்து விற்பனை கூடியது. கழிவின் மேல் அக்கறை உள்ளவர்கள் அடுத்த பத்தியையும் படிக்கிறார்கள்.

தைத்த ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு பட்டைத் துணியை எடுத்து, எண் எழுதி, பெட்டியில் வைத்துக்கொள்கிறேன். அதே எண் உறையின் உள்ளே தைத்த சீட்டிலும் இருக்கும். சென்ற மாதம் 31ஆம் எண் உறை ஒன்று மூலை கிழிந்து திரும்பி வந்தது. நாய்க்குட்டி கடித்துவிட்டதாம். பெட்டியிலிருந்த 31ஐ எடுத்து வைத்துப் பார்த்தேன். நான்கு ஆண்டுகளில் அந்த உறை இரண்டு சாயல் வெளுத்திருந்தது. பட்டையைத் திருப்பிப் போட்டு, ஊடை நூலின் வெள்ளை தெரியும் பின்பக்கத்தை மேலே வைத்துத் தைத்தேன், நிறம் பொருந்தியது.